வயோதிகர்களுக்கு வீதியில் இடமில்லையா?

சென்னைப் பட்டணத்தில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர், நாலு வீதி தள்ளியிருக்கும் ரேஷன் கடைக்கோ, பாங்கிக்கோ, பழைய சிநேகிதர் ஒருவரைப் பார்க்கவோ தன் காலால் நடந்து போய் பத்திரமாய் வீடு திரும்பிவிட்டால், அதை ஒரு சாமர்த்தியமென்று மெச்சவேண்டிய நிலைமைக்கு நாம் வந்துவிட்டோம். "போன மனிதர் இன்னும் வரக் காணோமே" என்று வீட்டார் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதும், வந்ததும் "இந்த வயதில் உங்களை யார் வெளியே போகச் சொன்னது?" என்று கோபித்துக் கொள்வதும் தினசரி சங்கதியாகிவிட்டது. ஏன் இப்படியென்று அதிகாரிகளைக் கேட்டாலும், படித்தவர்களைக் கேட்டாலும், பெற்ற பிள்ளைகளைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகின்றது. அதாவது, "வயதாகிவிட்டது, அவர்களாகவே வெளியே போவதைக் குறைத்துக் கொண்டார்கள், அது அவர்கள் இஷ்டம்" என்பதாகும்.

இந்த "இஷ்டம்" என்கின்ற வார்த்தை எவ்வளவு பெரிய புரட்டு என்பதை எடுத்துக் காட்டவே இதை எழுதுகின்றோம்.

உதாரணமாக 68 வயதுள்ள ஓர் அம்மாளை எடுத்துக் கொள்வோம். அவருக்குக் காலில் ஊனமில்லை. கண்ணும் ஒருவாறு தெரிகின்றது. கால் மைல் தூரத்திலுள்ள மார்க்கெட்டுக்குப் போய் அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கி வர நினைக்கின்றார். வாசலில் இறங்கியதும் நடைபாதை இருக்கிறதா என்று பார்க்கின்றார். இருக்கின்றது. ஆனால் அதன்மேல் ஏற ஒரு முழ உயரம் காலைத் தூக்க வேண்டும், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஏறிவிட்டாரென்றே வைத்துக் கொள்வோம். பத்தடி நடப்பதற்குள் ஒரு மின்சாரப் பெட்டி. சுற்றிப் போக இறங்குகின்றார். மறுபடி ஏறினால் நாலு மோட்டார் சைக்கிள்கள் வரிசையாய் நிற்கின்றன. மறுபடி இறங்குகின்றார். அப்புறம் ஒரு கட்சிக் கொடிக்கம்பம். அதற்கப்புறம் கல் பெயர்ந்த ஒரு பள்ளம். அதற்கப்புறம் யாரோ ஒரு புண்ணியவான் பிளாட்பாரத்தில் கட்டிவைத்த பிள்ளையார். கடைசியில் அந்த அம்மாள் நடைபாதையைக் கும்பிட்டு விட்டுவிட்டு, மோட்டார்களுக்கு நடுவில் ரோட்டிலேயே நடக்கின்றார். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்து, "சாகிறதுக்கு என் வண்டிதானா கிடைத்தது?" என்று வைகின்றான். நடுவில் கொஞ்சம் உட்காரலாமென்றால் ஒரு பெஞ்சு இல்லை. அவசரத்துக்கு ஒதுங்கலாமென்றால் பெண்கள் போகத்தக்க கக்கூசு இல்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்தவர், மறுநாள் முதல் மருமகளிடம் பணத்தைக் கொடுத்து, "நீயே வாங்கி வந்துவிடு அம்மா" என்கின்றார்.

இது அவர் இஷ்டமா? ஒருவரை வீட்டுக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, "அவருக்கு வீட்டில் இருப்பதில்தான் பிரியம்" என்று ஊராரிடம் சொன்னால் அதை நாம் ஒப்புக்கொள்வோமா? தாழ்ப்பாள் இரும்பாயிருந்தாலென்ன, ஒரு முழ உயர விளிம்பாயிருந்தாலென்ன? இரண்டும் செய்கின்ற வேலை ஒன்றே.

இத்தனைக்கும் இந்த அம்மாள் நம் நாட்டில் ஏதோ ஆயிரத்தில் ஒருவரல்ல. தமிழ்நாட்டு ஜனத்தொகையில் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் 2021-ல் நூற்றுக்கு 13 பேருக்கு மேலிருப்பார்களென்று மத்திய சர்க்காரே மதிப்பிட்டிருக்கின்றது. கேரளத்துக்கு அடுத்தபடி வயோதிகர் விகிதம் அதிகமாயுள்ள ராஜ்யங்களில் நம்முடையதும் ஒன்று. ஏழு, எட்டுப் பேரில் ஒருவருக்கு உதவாத வீதியைப் பொது வீதி என்று அழைப்பதே பொய்யல்லவா?

நிற்க, வீதியைக் கடக்கின்ற விஷயத்தைப் பார்ப்போம். இங்கிலாந்தில் ரோட்டைக் கடக்கும் சிக்னல்கள், மனிதன் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பான் என்ற கணக்கில் அமைக்கப்பட்டு வந்தன. அங்கு 65 வயதுக்கு மேற்பட்டவர்களின் நடையை அளந்து 2012-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆண்கள் சராசரி வினாடிக்கு 0.9 மீட்டரும், பெண்கள் 0.8 மீட்டரும்தான் நடக்கின்றார்கள் என்று கண்டார்கள். நம் பட்டணத்துக் கிழவி இங்கிலாந்துக் கிழவியைவிட வேகமாய் ஓடுவாள் என்று நம்ப யாதொரு ஆதாரமும் இல்லை. இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். 14 மீட்டர் அகலமுள்ள ரோடு. வாலிபன் சுமார் 12 வினாடியில் அக்கரை சேருகின்றான். அந்த அம்மாளுக்கு 17 அல்லது 18 வினாடி வேண்டும். வாலிபன் கணக்குக்கு விளக்கு எரிந்தால், அவர் இன்னும் ஐந்து மீட்டர் பாக்கியிருக்கையில் மோட்டார்கள் புறப்பட்டுவிடும். ஆக, அந்த அம்மாளின் உயிருக்கும் பட்டணத்தின் அவசரத்துக்கும் இடையில் இருக்கும் தகராறெல்லாம் ஆறே ஆறு வினாடிதான். அந்த ஆறு வினாடியை அவருக்குக் கொடுக்க மனமில்லாதவர்கள்தான், "அவர் வெளியே வர இஷ்டப்படவில்லை" என்கின்றார்கள்!

இது ஆகாத காரியமுமல்ல. சிங்கப்பூரில் 2009 முதற்கொண்டு, வயோதிகர்கள் தங்கள் சலுகைக் கார்டை சிக்னல் கம்பத்திலுள்ள கருவியில் காட்டினால், ரோட்டின் அகலத்துக்குத் தக்கபடி 3 வினாடி முதல் 13 வினாடி வரை பச்சை விளக்கு கூடுதலாய் எரியும்படி செய்திருக்கின்றார்கள். அதனால் சிங்கப்பூர் வியாபாரம் முழுகிப் போய்விடவில்லை.

இனி, நம் நாட்டுக்கே உரிய சமாதானம் ஒன்றிருக்கின்றது. அதுதான் தலைவிதி. ரோட்டில் ஒரு கிழவர் அடிபட்டுச் செத்தால், "அவருக்கு விதி முடிந்துவிட்டது, யார் என்ன செய்யமுடியும்?" என்கின்றார்கள். 2022-ல் இந்தியாவில் ரோட்டு விபத்துக்களில் 1,68,491 பேர் செத்ததாகவும், அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள் என்றும் சர்க்கார் புள்ளிவிவரமே சொல்லுகின்றது. ஐந்தில் ஒரு பங்கு! ஒரு நாளைக்குச் சராசரி 90 பேர் வீதம் நடந்துபோன குற்றத்திற்காக மாண்டிருக்கின்றார்கள். விதியென்று ஒன்றிருந்து, அது நடைபாதை உள்ள இடத்தில் விலகிப் போய், இல்லாத இடத்தில் மாத்திரம் வந்து பிடிக்கின்றதென்றால், அது பிரம்மா எழுதிய விதியா, முனிசிபல் இஞ்சினியர் எழுதிய விதியா என்று கேட்கின்றோம். இஞ்சினியர் எழுதியதை இஞ்சினியரே அழித்தெழுதலாம். அதற்குப் பரிகார பூஜை வேண்டியதில்லை.

விதிக்கு அடுத்தபடியாக தர்மம் பேசுகின்றவர்கள் வருகின்றார்கள். வயதான காலத்தில் கிருஷ்ணா ராமா என்று ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பதுதான் அழகு என்கின்றார்கள். "வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது" என்று நம் பெரியவர்களே தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும்படி பழக்கி வைத்திருக்கின்றார்கள். வீட்டுக்கும் காட்டுக்கும் மத்தியில் வீதி என்று ஒன்று இருக்கின்றதே, அதன்மேல் அவர்களுக்குப் பாத்தியதை இல்லையா? அவர்கள் வேலை செய்த காலத்தில் கட்டிய வரியில் போட்டதல்லவா அந்த வீதி? வேடிக்கை என்னவென்றால், அதே கிழவர் மஞ்சள் வேஷ்டி கட்டிக்கொண்டு பாத யாத்திரை புறப்பட்டால் வழிநெடுகப் பந்தலும், மோரும், காலுக்குத் தைலமும் காத்திருக்கின்றன. அவரே கண்ணாடி மாற்றிக்கொள்ள ஆஸ்பத்திரிக்கு நடந்தால் நிற்பதற்கு நிழல்கூட இல்லை.

வைத்தியர்களும் இந்த நாடகத்தில் ஒரு வேஷம் கட்டுகின்றார்கள். சர்க்கரை வியாதியா, நட. ரத்தக் கொதிப்பா, நட. தூக்கம் வரவில்லையா, நட. 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பு உழைக்கும்படி நடமாட வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனமே 2020-ல் சொல்லியிருக்கின்றது. நல்ல யோசனைதான். ஆனால் எங்கே நடப்பது? வைத்தியர் நட என்கின்றார். வீதி நடக்காதே என்கின்றது. இவ்விருவரில் யார் பேச்சை அந்தக் கிழவர் கேட்பார்? தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், மாதக் கணக்கில் படுக்கை. பலருக்கு அந்தப் படுக்கையே கடைசிப் படுக்கை என்பது அவருக்குத் தெரியாதா?

தமிழ்நாட்டு சர்க்கார் 2023 நவம்பரில் ஜில்லாவுக்கு ஒன்றாக 8 கிலோ மீட்டர் சுகாதார நடைபாதைகளை ஏற்படுத்தினார்கள். அதை நாம் குறை சொல்லவில்லை. பணக்காரர்கள் கிழக்கு வெளுக்குமுன் மோட்டாரில் பார்க்குக்குப் போய், அங்கே எட்டுப் போட்டு நடந்துவிட்டு, மறுபடி மோட்டாரில் வீடு திரும்புவதையும் நாம் குறை சொல்லவில்லை. ஆனால் நடை என்பது ஜில்லாவில் ஒரு இடத்தில், காலையில் ஒரு மணி நேரம் செய்கின்ற விரதமல்ல. காய்கறிக்கும், மருந்துக்கும், மகள் வீட்டுக்கும் போகின்ற நடைதான் ஏழையின் நடை. அதற்கு இடம் கேட்டால் பார்க்கைக் காட்டுவது, பசிக்குச் சோறு கேட்டவனுக்கு விருந்துப் படத்தைக் காட்டுவதற்கு ஒப்பாகும்.

பஸ் விஷயமும் இப்படித்தான். 2016 முதல் சென்னையில் 60 வயதானவர்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன்கள் ஏற்பட்டன. 2021 மே முதல் பெண்களுக்குச் சாதாரண பஸ்களில் காசே இல்லை. இவை இரண்டும் உண்மையிலேயே பெரிய நன்மைகள். காசுக்காகப் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் எத்தனையோ தாய்மார்கள் இதனால் வெளியே வந்திருக்கின்றார்கள். ஆனால் டிக்கெட்டை இலவசமாக்கியவர்கள் படிக்கட்டை உயரமாகவே வைத்திருந்தார்கள். சில பஸ்களில் உள்தளம் தரையிலிருந்து 90 சென்டி மீட்டர்! முழங்கால் வலிக்காரர் அதில் ஏறுவது சுவரேறிக் குதிப்பதற்குச் சமானம். அங்கஹீனர்களின் உரிமைக்காக வெகுகாலம் கோர்ட்டில் வழக்காடிய பிறகே, 2024 ஆகஸ்டு முதல் சென்னையில் 40 சென்டி மீட்டர் உயரமுள்ள தாழ்தள பஸ்கள் ஓட ஆரம்பித்தன. அவையும் எல்லா வழித்தடங்களிலும் இல்லை. பஸ் தாழ்வாயிருந்தும், ஓட்டுகின்றவர் ஸ்டாப்பை விட்டு நடுரோட்டில் நிறுத்தி, ஏறினவர் உட்காருமுன் வண்டியை எடுத்துவிட்டால் பலன் என்ன? டிரைவரை மாத்திரம் நோவதும் நியாயமல்ல. ஸ்டாப்பின் வாசலில் மோட்டார்களை நிறுத்த விட்டவர்களையும், நிமிஷக் கணக்குப் பார்த்து அவரை விரட்டுகின்றவர்களையும் கேட்கவேண்டும்.

சைக்கிளைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார்கள். "கிழவனுக்குச் சைக்கிளா?" என்பார்கள். ஹாலந்து தேசத்தில் எழுபது வயதுப் பாட்டிமார்கள் சைக்கிளில் கடைக்குப் போவதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்நாட்டார் பிறக்கும்போதே சைக்கிளோடு பிறந்தவர்களா? இல்லை. 1971-ல் அங்கும் ரோடுகளில் 3,000 பேருக்குமேல் செத்தார்கள். அவர்களில் 400-க்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். குழந்தைகளைக் கொல்வதை நிறுத்து என்று தாய்மார்கள் வீதிக்கு வந்து கிளர்ச்சி செய்த பிறகே, சர்க்கார் மோட்டாரைக் கட்டுப்படுத்திச் சைக்கிளுக்குத் தனிப்பாதை போட்டது.

ஹாலந்து வேண்டாம், புதுக்கோட்டைக்கு வருவோம். 1991 முதல் அந்த ஜில்லாவில் அறிவொளி இயக்கத்தின் மூலம் பல்லாயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். பெண் சைக்கிள் ஏறினால் குடும்பம் கெட்டுவிடும் என்று சிரித்தவர்கள் வாயை அவர்கள் அடைத்தார்கள். அன்று முப்பது வயதாயிருந்தவர்களுக்கு இன்று அறுபதுக்குமேல் ஆகிறது. அவர்களில் பிள்ளைகளோடு பட்டணத்துக்கு வந்து சேர்ந்தவர்களும் இருப்பார்கள். வைதீகத்தை எதிர்த்துச் சைக்கிள் ஏறிய ஒருத்தியை இன்று சைக்கிளைவிட்டு இறக்கியது எது? வயதா, மவுண்ட் ரோடா? அவருக்குத் தைரியம் குறைந்துவிட்டதென்று சொல்லுகின்றவர்கள், தங்கள் பிள்ளையை ஒருநாள் சைக்கிளில் மவுண்ட் ரோட்டுக்கு அனுப்பிப் பார்க்கட்டும்!

இனி, இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபனைகளைப் பார்ப்போம்.

முதலாவது, பணமில்லை என்பது. சென்னைக் கார்ப்பொரேஷன் 2014-லேயே, போக்குவரத்துக்குச் செலவிடும் பணத்தில் நூற்றுக்கு 60 பங்குக்குக் குறையாமல் நடைக்கும் சைக்கிளுக்கும் செலவிட வேண்டுமென்று ஒரு கொள்கை நிறைவேற்றி, இந்தியாவிலேயே முதல் நகரம் என்று பெயரும் வாங்கியது. 2019-ல் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை போட்டுக் காட்டியும் இருக்கின்றது. அங்கே சாயங்காலத்தில் போய்ப் பாருங்கள். வெளியே வர "இஷ்டமில்லாத" கிழவர்களும் கிழவிகளும் பெஞ்சுகளில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்! பாண்டி பஜாரில் இஷ்டமிருந்து வியாசர்பாடியில் இஷ்டமில்லாமல் போகுமா? ஆகவே குறைந்திருப்பது பணமல்ல, மனம்.

இரண்டாவது, நடைபாதை வியாபாரிகள்தான் காரணம் என்பது. இது ஏழையை ஏழைமேல் ஏவிவிடும் தந்திரம். பூக்காரியும் காய்கறிக்காரரும் 2014-ம் வருஷத்துச் சட்டத்தால் இடம் ஒதுக்கித் தரப்படவேண்டியவர்கள். வயோதிகர்கள் வெளியே வருவதே பாதி அவர்களை நாடித்தான். நடைபாதையை இரவும் பகலும் வாடகையில்லாமல் அடைத்துக்கொண்டிருப்பது சொந்த மோட்டார். கூடையைத் தூக்கி எறிகின்ற அதிகாரி, மோட்டாரைக் கண்டால் சலாம் போடுவானேன்? பொது இடத்தில் புதிதாய்க் கோயிலோ, மசூதியோ, சர்ச்சோ கட்டக்கூடாதென்று சுப்ரீம் கோர்ட்டு 2009-ல் உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் பிளாட்பாரத்தில் கடவுள்கள் முளைத்தால், அவர்களை நகரச் சொல்ல எந்த அதிகாரிக்கும் தைரியம் வரக் காணோம். எங்கும் நிறைந்தவர் என்று சொல்லப்படுகிறவருக்கு, கிழவி நடக்கின்ற மூன்றடிதானா அகப்பட்டது?

மூன்றாவது, மேம்பாலம் கட்டியிருக்கின்றோமே என்பது. லிப்டும் நகரும் படியும் வைத்து 2023-ல் மாம்பலம் ஸ்டேஷனுக்கும் தியாகராய நகர் பஸ் நிலையத்துக்கும் போட்ட ஆகாய நடைபாதையை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் லிப்டில்லாமல் நாற்பது, ஐம்பது படி ஏறி இறங்கச் சொல்லும் பாலம் நடப்பவனுக்காகக் கட்டியதல்ல. அவன் தன் வழியில் நிற்கக்கூடாதென்று மோட்டாருக்காகக் கட்டியது. என்ஜின் உள்ளவன் சமதரையில் போவானாம். முழங்கால் வலியுள்ளவன் மாடியேறிப் போகவேண்டுமாம்! இதைவிடத் தலைகீழான நியாயம் மனுதர்மத்தில்தான் பார்க்க முடியும்.

நான்காவது, மோட்டார்கள் தாமதப்படும் என்பது. தாமதப்படட்டுமே என்கின்றோம். 2008-ல் சென்னைக்கு எடுத்த போக்குவரத்துக் கணக்கில், நூறு பிரயாணங்களில் 28 நடை, 26 பஸ்; கார் 6 தான். நூற்றுக்கு ஆறு பேருக்காக மற்றவர்கள் ஒதுங்கவேண்டுமென்பது எந்த ஊர் ஜனநாயகம்?

வீதியில் நடக்கும் உரிமைக்காக இத்தேசத்தில் கிளர்ச்சி நடந்ததை நாம் மறந்துவிடக்கூடாது. 1924, 25-ம் வருஷங்களில் வைக்கத்தில் நடந்ததெல்லாம், கோயிலுக்குள் போவதற்கல்ல; கோயிலைச் சுற்றியுள்ள பொது ரோட்டில் மனிதன் நடப்பதற்கேயாகும். ஜாதிக் கொடுமையும் இதுவும் ஒன்றென்று சொல்ல நாம் வரவில்லை. அது பிறவி இழிவு. அதற்கு ஈடு வேறில்லை. ஆனால் பொது வீதி என்பது அதில் எல்லோரும் நடக்கும்வரைதான் பொது வீதி என்பதை வைக்கம் நமக்குக் கற்றுக் கொடுத்தது. கோயமுத்தூர் எலும்பு வைத்தியர் ஒருவர் 2012-ல் தொடுத்த வழக்கில், நடைபாதை ஜனங்களின் உயிர்வாழும் உரிமையில் சேர்ந்தது என்று சுப்ரீம் கோர்ட்டும் 2025 மே மாதத்தில் சொல்லிவிட்டது. சட்டம் வந்துவிட்டது, கல்லும் மண்ணும்தான் இன்னும் வரவில்லை.

நாம் கேட்பது பிரமாதமான காரியமல்ல. இந்தியச் சாலைக் காங்கிரசு 2012-ல் வெளியிட்ட விதியின்படி, தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலமும், 15 சென்டி மீட்டருக்கு மேற்படாத உயரமும் உள்ள நடைபாதை. சந்து முனைகளில் சரிவு. சிக்னலில் அந்த ஆறு வினாடி. நாலு வீதிக்கு ஒரு பெஞ்சு, ஒரு நிழல், ஒரு சுத்தமான கக்கூசு. ஏறத்தக்க பஸ். இவை வயோதிகர்களுக்குச் செய்யும் தர்மமல்ல. கிழவி நடக்கத்தக்க வீதியில் கர்ப்பிணியும், குழந்தையும், ஊன்றுகோல்காரரும், மூட்டை சுமப்பவரும் நடக்கலாம். இன்று மோட்டார் சைக்கிளில் பறக்கும் வாலிபர்களும், ஆயுள் இருந்தால், ஒருநாள் இதே வீதியில் காலை ஊன்றிப் பார்க்கப் போகிறவர்கள்தான்.

ஒரு மனிதன் கடைசிக் காலத்தில் இழக்கக்கூடாதது எது என்று நம்மைக் கேட்டால், தன் இஷ்டத்துக்கு, தன் காலால், பிறர் முகத்தைப் பார்க்காமல் போய்வரும் சக்தியே என்போம். அதை இழந்தவர் பெற்ற பிள்ளையிடமும் கெஞ்சவேண்டி வருகின்றது. கெஞ்சி வாழும் வாழ்வில் சுயமரியாதைக்கு இடமேது? ஆகவே, பெற்றோரைப் பார்த்து "வெளியே போகாதே" என்று சொல்லுகின்ற பிள்ளைகள், அடுத்தபடி ஓட்டுக் கேட்டு வரும் கவுன்சிலரைப் பார்த்து, "என் தாய் ஏன் வெளியே போகமுடியவில்லை?" என்று கேட்கும்படி வேண்டுகின்றோம். அதற்குமுன், நடைபாதையில் நிறுத்தியிருக்கும் தங்கள் மோட்டார் சைக்கிளை எடுத்து அப்பால் வைத்துவிட்டுக் கேட்பார்களாக!